அழகு காட்டிய வழக்கு

தேவகோட்டை கோர்ட்டில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு.
ஒரு கால் கட்டை.
அடியில் செய்தித்தாளை மடித்து வைத்துப்
பதினேழு வருஷமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
தமிழில் அழுகிறவர்களை
இங்கிலீஷில் அழவைப்பது என் உத்தியோகம்.

அன்றைக்கு வந்த மனு இரண்டே பக்கம்.
எவர்சில்வர் கடை சாத்தப்பன்
எதிரே பஞ்சர் ஒட்டும் சேவுகன் மேல் கொடுத்தது.
"மேற்படியான் தினமும் என்னைப் பார்த்து
அழகு காட்டுகிறான் ஐயா."

அடிக்கவில்லை. வையவில்லை.
கடன் வாங்கி ஏமாற்றவுமில்லை.

வாய் திறக்குமுன் மூன்று தடவை கனைப்பார் சாத்தப்பன்.
இடது தோள் காதைத் தொடப்போய்
தொடாமல் இறங்கும்.
அதன் பிறகுதான் குடத்தின் விலை வெளியே வரும்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே
அதே கனைப்பு, அதே தோள்.
குடம் வாங்க வந்தவள்
குடத்தை விட்டுவிட்டுச் சிரிப்பாள்.

டிக்‌ஷனரியைப் பிரித்தேன்.
இமிடேட் என்று போட்டால்
சேவுகன் மாணாக்கன் ஆகிவிடுவான், இவர் வாத்தியார்.
மிமிக் என்றால் மேடை வேண்டும், மைக் வேண்டும்,
கைதட்டல்கூட வந்துவிடும்.
மாக் என்று அடித்தால்
விசாரிக்குமுன்பே தீர்ப்பு எழுதின மாதிரி.
ஏப் என்று ஒன்று இருக்கிறது.
வாலில்லாக் குரங்கைப் பிடித்து
வினைச்சொல்லில் கட்டிப்போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன்.
பக்கத்துக் கூண்டில் பேரட்.
கிளி சொன்னதைச் சொல்லும், சரி,
தோளைத் தூக்குமா?

எந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தாலும்
உள்ளே அழகு இல்லை.
நம் ஆட்கள்தான்
எந்த வயிற்றெரிச்சலில் இதற்கு இப்படிப் பெயர் வைத்தார்களோ.
பழிப்பு காட்டு, வக்கணை காட்டு,
எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு காட்டு.
நம்மால் பார்க்க முடியாத நம் முதுகை
யாரோ நமக்குக் காட்டுவது.

வாய்தா அன்று கோர்ட் நிறைந்திருந்தது.
"என்ன செய்தான், சொல்லுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.
சாத்தப்பன் எழுந்தார்.
கனைக்கவில்லை.
வலது கையால் இடது தோளை அமுக்கிப் பிடித்தபடி
கடகடவென்று ஒப்பித்தார்,
பரீட்சைப் பையன் போல.

"நீ செய்தாயா?"
சேவுகன் கூண்டுக் கம்பியைப் பிடித்தான்.
மூன்று கனைப்பு.
தோள் ஏறி இறங்கியது.
"இல்லைங்கம்மா" என்றான்.
டவாலிகூடச் சிரித்துவிட்டார்.
அவன் மட்டும் சிரிக்கவில்லை.
"இது நானாச் செய்யலைங்க. தானா வருது.
ஆறு மாசமாச்சு.
தூக்கத்திலயும் கனைக்கிறேனாம்,
எம்பொண்டாட்டி எந்திரிச்சு உக்காந்து அழுவுறா."

அதற்கப்புறம்
ஃபேன் சத்தம் மட்டும்.

"உங்கள் மொழிபெயர்ப்பில்
அந்த வெர்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறதே?"
அம்மா என்னைப் பார்த்தார்.
"எஸ் யுவர் ஆனர்" என்று எழுந்தேன்.
எழுந்த குரல் என்னுடையது இல்லை.
ரிட்டயராகிப்போன ஹெட்கிளார்க் மரியசூசை சாருடையது,
அந்த இழுவையோடு, அந்த மூக்கோடு.
நான் சேர்ந்த புதிதில்
டீக்கடையில் அவரைப் போலப் பேசிக் காட்டி
மூன்று டைப்பிஸ்ட்டுகளைப் புரையேற வைத்திருக்கிறேன்.
எப்போது உள்ளே வந்து தங்கினார், தெரியாது.
உட்கார்ந்துவிட்டேன்.

சமாதானமாய்ப் போகச் சொல்லி அனுப்பினார்கள்.
காலி இடம் ஃபைலில் அப்படியே இருக்கிறது,
ஒரு வார்த்தை அகலத்துக்கு.

படி இறங்கும்போது
வக்கீலிடம் ஏதோ கேட்க வாயெடுத்த சாத்தப்பன்
ஒரே ஒரு தடவை, மெதுவாக, கனைத்தார்.

முன்னால் போன சேவுகன்
சட்டென்று திரும்பினான்,
தன் சட்டைப் பையில்
யாரோ கைவிட்டது போல.