சிக்னல் விழும்வரை

ராமேஸ்வரம் வண்டி செட்டிநாட்டில்
ஒரு நிமிடம்தான் நிற்கும்.
அன்று ஒன்று நாற்பதுக்கு நின்றது, நின்றதுதான்.
கண்மாய் உடைந்து தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள்.
எந்தக் கண்மாய் என்பதற்கு
ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு இது ஆறாவது நாள்.
லேயில் மேகம் இரண்டு நாள் விமானத்தை விடவில்லை.
தில்லியில் பெரிய பை வரவில்லை:
பனிக்கோடரி, கயிறு, என் அழுக்குத் துணி எல்லாம்
எங்களை விட்டுவிட்டுக் கௌஹாத்தி போய்விட்டன.
எழும்பூரில் ஏழு மணி நேரம்.
வங்கியில் என் லீவு முந்தாநாளே முடிந்தது.

நானொன்றும் யோக்கியமில்லை.
தில்லி கவுண்டரில் ஒரு பெண்ணைக் கத்தினேன்.
பெயர்ப்பட்டையைப் படித்து,
பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன்.
உமையாள் என்னை அதட்டவில்லை.
தன் ஓட்டை இந்தியில் அவளிடம்
"சாப்பிட்டாயா?" என்று கேட்டாள்.
அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

மலையில் மூன்று நாள் புயல்.
இரண்டு பேர் கூடாரத்தில் மூன்று பேர்.
கால் நீட்டவே முறை வைத்துக்கொண்டோம்,
கோபத்தை எங்கே நீட்டுவது?
கஞ்சியைக் கவிழ்த்த நவாங்கை யாரும் ஏசவில்லை.
அது உறைந்ததும் சுரண்டித் தின்றோம்.
உச்சி இன்னும் இருநூறு மீட்டர் மேலே.
இருக்கட்டும் என்று இறங்கினோம்.
அங்கே அவ்வளவு லேசாக வந்தது
தரையில் ஏன் வரமாட்டேன் என்கிறது?
இங்கே காற்று தாராளம்.
மூச்சுக்குப் போக, கத்தவும் மிஞ்சுகிறது.

ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றிக் கூட்டம்.
சகாயராஜ். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.
"விடிந்தால் முகூர்த்தம் ஐயா!" என்றார் ஒருவர்,
மழையை இவர்தான் திறந்துவிட்டதுபோல.
உமையாள் ஓரமாக நுழைந்து
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
அவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை
எல்லோரும் சும்மா இருந்தார்கள்.
குடிக்கிறவரைத் திட்ட முடியாதே.

பாதை பார்க்கப் புறப்பட்டார் கேங்மேன் அடைக்கலம்,
தலையில் சாக்குக் கொங்காணி,
கையில் செத்துக்கொண்டிருந்த டார்ச்.
என்னிடம் மிஞ்சிய ஒரே மலைச்சாமான்
நெற்றிவிளக்கு.
பட்டையை அவர் தலைக்கு இழுத்து இறுக்கினேன்.
"கனக்கவே இல்லையே தாயி."

வெளிச்சம் சரளைக்கல் மேல் ஆடிக்கொண்டே போனது,
செம்மண் தண்ணீரில் இரண்டானது,
ஒரு பொட்டானது.
ஏசிக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக நின்று
அதையே பார்த்தார்கள்.
முகூர்த்தக்காரர் தன் குடையை
யாரென்று தெரியாத ஒருவருக்குச் சேர்த்துப் பிடித்திருந்தார்.
நாங்களும் இப்படித்தான் இறங்கியிருப்போம்.
கீழே முகாமில் சமையல்கார ரிக்ஸின்
மூன்று பொட்டுகளையும் திரும்பத் திரும்ப
எண்ணிக்கொண்டிருந்தானாம்.

ஒரு அம்மாள் சீர்த் தகர டின்னைத் திறந்தாள்.
"எண்ணியா வாங்கப் போறாக?"
மனகோலம் கை மாறிக் கை மாறிப் போனது.
சகாயராஜுக்கு இரண்டு தரம்.

ஐந்தரைக்குச் சிக்னல் விழுந்தது.
வண்டி, கல் பொறுக்குகிறவனைப்போல் நடந்தது.
மதகோரம் அடைக்கலம் இடுப்புவரை நனைந்து நின்றார்.
விடிந்தது தெரியாமல்
நெற்றியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
கழற்றப் போனார்.
வேண்டாம் என்று கையாட்டிவிட்டு,
பேட்டரி மூடி இறுக்கம், ஒரு ரூபாய்க் காசால் திறக்கணும்
என்று கத்தினேன்.
கேட்டதோ என்னவோ.
தலையாட்டினார், வெளிச்சமும் ஆடியது.

காரைக்குடியில் தேவகோட்டை பஸ் போயிருந்தது.
அடுத்தது எப்போது என்றால்
"வந்தா வரும்" என்றார் டீக்கடைக்காரர்.
உமையாள் பெஞ்சில் சரிந்து பூட்ஸைத் தளர்த்தினாள்.
தில்லிப் பெண்ணின் பெயர் ரேணு.
வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.
கத்தும்போது தெரியவில்லை,
எவ்வளவு சின்னப் பெயர் அது.
இரண்டு டீ சொன்னேன்.