சாந்து பிதுங்கிய பக்கம்

நாலரை லட்சம் என்று
டைரியின் முதல் பக்கத்தில் எழுதினேன்.
எட்டாம் பக்கத்தோடு
கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மகால் ஐந்தாம் தெரு வீட்டில்
முதலில் உரிந்தது சிமெண்ட்.
எண்பத்து நாலில் அப்பா பூசியது,
இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்லையென்று.
அதற்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர்
அன்றிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தது,
மழைக்கோட்டோடு தூங்குகிறவன் மாதிரி.

கூடத்துத் தேக்குத் தூண்,
வருகிறவர்களெல்லாம் தட்டிப் பார்த்துப் புகழ்வது,
எதையுமே தாங்கவில்லை.
பாரம் முழுக்க
சமையலறை மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய
கோணல் கட்டை ஒன்றின் மேல்.
அலமாரிக்கு இடம் வேண்டுமென்று
அதைத்தான் அறுக்கச் சொல்லியிருந்தேன்.
பீர் மைதீன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனார்.
அவர் மறுத்தது அப்படித்தான்.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
ஒரு ஆளும் வரவில்லை.
கடுக்காய் ஊறிய அண்டா நாறிக் கிடக்க
தனியாக உட்கார்ந்து கதவுகளைச் சுரண்டினேன்.
பச்சை, அதற்குள் நீலம், அதற்குள் இன்னொரு பச்சை.
கல்யாணத்துக்கு ஒரு நிறமென்று கணக்குப் போட்டேன்;
இந்த வீட்டில் அத்தனை கல்யாணம் நடக்கவில்லை.

பிறகு பின்சுவர்.
பூச்சு உதிர்ந்ததும் நிலை தெரிந்தது,
நிலைக்குள் அடைத்த செங்கல்.

கதை எனக்குத் தெரியும்.
பாகம் பிரித்த ராத்திரி
கோவர்த்தனன் சித்தப்பா கொத்தனாரோடு வந்து
விடிவதற்குள் வாசலை அடைத்தாராம்.
அவர்களுக்கு எடுத்து வைத்த குழம்புக் கிண்ணத்தோடு
அம்மா இந்தப் பக்கம் நின்றாளாம்.
அந்தக் கிண்ணத்தை
எத்தனை முறை காட்டியிருக்கிறார்கள் எனக்கு.

கலவை சுமக்கிற பவளக்கொடி
சும்மாடை அவிழ்த்து முகம் துடைத்தபடி சொன்னாள்:
"இந்தப் பக்கம் நின்னுதான் கட்டியிருக்காக.
பாருங்க, கரண்டி ஓடி வழவழன்னு இருக்கு.
கை எட்டாத பக்கந்தான்
சாந்து பிதுங்கி நிக்கும்."
சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்குப் போய்விட்டாள்.

தடத்தைத் தடவிப் பார்த்தேன்.
இடமிருந்து வலம்.
அவசரமே இல்லாத கை.

சுவரின் கனம் ஒன்பது அங்குலம்.
தெரு சுற்றிப் போனால் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
சுத்தியல் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கும் சாக்கில்
அன்று சாயங்காலம் போனேன்.

சித்தப்பா மருமகள் ஜம்னா,
அரிசி களைந்த கையோடு கதவைத் திறந்தவள்,
யாரென்று கேட்கவில்லை.
நேரே பின்னறைக்குக் கூட்டிப் போய்
ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரைத் தூக்கிப் பிடித்தாள்.

பூசாத சுவர்.
வரிக்கு வரி பிதுங்கி இறுகிய சாந்து.
ஓரிடத்தில்
ஏதோ ஒரு பிள்ளை நகத்தால் பெயர்த்த குழி.

"மாமா கடைசி வரைக்கும் பூச விடலை.
நாங்க காலண்டர் மட்டும் மாத்துவோம்."

காலண்டரில் நேற்றைய தேதி இருந்தது.
கிழித்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.