ராட்டர்டாமில் இருக்கிறேன்

ஈஜிபுரா, மூன்றாம் மாடி, சமையலறை.
குக்கர் ஒரு விசில் அடித்திருக்கிறது.
நான் ராட்டர்டாமில் இருக்கிறேன்.

விபிஎன் அப்படித்தான் சொல்கிறது.
பச்சைக் கேடயம், அதன்கீழே வேற்று நாட்டுக் கொடி,
‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.’
இவ்வளவு உறுதியாக இதை என்னிடம்
வேறு யாரும் சொன்னதில்லை.

சில்க் போர்டில் பஸ் நகராத இருபது நிமிடத்தில்
நாகவேணி இறக்கித் தந்தது.
‘சுரங்கம் மாதிரி அக்கா,
உள்ளே போறது யாருக்கும் தெரியாது.’

ஒன்பது இரவுகள் சுரங்கத்தில் நடந்தேன்.
தனியாளாக ஒரு பெண்ணுக்கு ஓர் அறை,
யெலஹங்கா பக்கம், அட்வான்ஸ் குறைவாக.
கீழ்வீட்டு வைஃபைக்குத் தெரியவில்லை.
கேபிள் கம்பெனிக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்க வாயிலில்
பெயர் கேட்டார்கள், சொன்னேன்.
மின்னஞ்சல் கேட்டார்கள்,
கல்யாணப் பத்திரிகை அனுப்பிய அதே முகவரி.
கைபேசி எண்ணும் கேட்டார்கள்.
முக்காடு போட்டுக்கொண்டு போய்
வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவள் நான்.

மறுநாளே கட்டில் விளம்பரம்.
ஒற்றைக் கட்டில்.

பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது:
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்துவிட்டேன், சரி,
அந்தத் தட்டை யார் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன்?
ஒரு பைசா வாங்காதவன்
எதற்காக அதைக் காவல் காக்கிறான்?

கோதண்டனுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.
என் ஃபோனின் பூட்டு நான்கு இலக்கம்,
எங்கள் கல்யாணத் தேதி.
அதைத் திறக்க ராட்டர்டாம் சுற்றி வர வேண்டியதில்லை,
ஹாலிலிருந்து பதினோரு அடி.

இன்று அதுவும் தேவைப்படவில்லை.
ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த ஃபோன்
தானாக வெளிச்சம் போட்டுக் காட்டியது:
‘மேடம், ரூம் காலி. எப்ப வர்றீங்க?’
கூடவே, பெரிய எழுத்தில், புரோக்கர் முரளீதரா.

இரண்டாவது விசில்.

‘யாருக்கு ரூம்?’

கேடயம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.
ராட்டர்டாமில் மழையாம், பன்னிரண்டு டிகிரி.
குடை எடுத்துப் போகச் சொல்லியது.

அடுப்பைக் குறைத்தேன்.
கையைத் துடைத்துக்கொண்டேன்.

‘எனக்கு’ என்றேன்,
ஈஜிபுராவிலிருந்து.