திர்வலின் கருப்பு

ஏழே ஏழு ஆடுகள் எனக்கு.
காரி மூன்று, செவலை இரண்டு,
வெள்ளை என்று நான் சொல்லி விற்கும்
மோர் நிறத்தில் ஒன்று.
அப்புறம் திர்வல்.

யெல் தீவுக்கும் பெரிய தீவுக்கும் நடுவே
இருபது நிமிடம் ஓடும் படகில்
கயிறு வீசுகிற வேலை எர்லெண்டுக்கு.
கரை விட்டதும் ஊசியை எடுப்பான்.
போகும்போது ஆறு வரிசை,
வரும்போது ஆறு.
அலை கனத்தால் நான்கு.

பிப்ரவரியில் வந்து கதவைத் தட்டினான்.
முதுகு முடிந்தது, மார்பு முடிந்தது,
இடக்கை முடிந்தது.
வலக்கைக்கு நூல் இல்லை.
"அதே கருப்பு. நான்கு சிட்டம் போதும்."

எண் இருக்குமா என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.
சாயத்தொட்டிக்கு எண் உண்டு.
என் சீட்டில் திர்வல் என்ற பெயரும்
ஆண்டும் மட்டும்.
மிச்சம் ஏதும் இருந்ததா என்றால்,
கல்லிவோவில் ஒருத்தி வாங்கிப்போய்
காலுறை பின்னி
குதிகால் ஓட்டையாகும்வரை நடந்தும்விட்டாள்.

ஜூனில் வா, என்றேன்.

கடைக்கார மெர்ரன் சும்மா இருப்பாளா.
"வெள்ளையை எடு, ஒரு பொட்டலம் சாயம்,
அரை மணி நேரக் கொதி,
யாருக்குத் தெரியப் போகிறது?"
யாருக்கும் தெரியாதுதான்.
ஆனால் என்னிடம் பெரிய சட்டி ஒன்றே ஒன்று.
அதில் தினமும் கஞ்சி வைக்கிறேன்.

ஜூனில் வந்தான்.
இரவு பதினொன்றுக்கும்
மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்கும் வெளிச்சம்.
கத்தரி தேவையில்லாத பருவம்;
பழைய ரோமம் தானே பிடி விட்டிருக்கும்.
திர்வலின் தலையை முழங்காலிடையே அவன் பிடித்துக்கொள்ள
கழுத்தடியில் இரண்டு விரல் நுழைத்தேன்.
ஆறிய பாலின் ஏடு மாதிரி
மொத்தமாக எழும்பி வந்தது.
உப்பும் கயிறும் வெடிக்கவைத்த அவன் உள்ளங்கை
ஆட்டின் எண்ணெயில்
கொஞ்சம் மெத்தென்றானதை
அவனே மோந்து பார்த்துக்கொண்டான்.

பிறகு ரோமத்தைப் பிரித்தான்.
நுனியில் வெயில் தின்ற பழுப்பு.
உள்ளே, வேர்ப்பக்கம்,
கருப்பு இல்லை.
மயிலை.
மழை வருமா வராதா என்று நிற்கும்
மேகத்தின் மயிலை.

"வேறு ஆடா இது?"
அதே ஆடுதான்.
"என்ன ஆயிற்று அவளுக்கு?"
ஏழு வயது ஆயிற்று.

எர்லெண்ட் தன் தாடியைத் தடவினான்.
காசை எண்ணி வைத்தான்.
பேரம் பேசவில்லை.

கழுவி, உலர்த்தி, சிக்கெடுத்து, நூற்று
ஆகஸ்டில் கொடுத்தேன்.
செப்டம்பரில் படகேறியபோது பார்த்தேன்:
கருப்புக் கையால் தூணைப் பற்றிக்கொண்டு
மயிலைக் கையால் கயிறு வீசினான்.
சுற்றுலா வந்த ஒருவன்
இதுதான் புது மோஸ்தரா என்று கேட்க,
"இல்லை, போன வருஷமும் இந்த வருஷமும்" என்று
முடிச்சைப் பார்த்தபடியே சொன்னான்.

கழுத்துப்பட்டையை இன்னும் பின்னவில்லை.
தையல்கள் ஒரு சணலில் கோத்தபடி
காலரெலும்பு தெரியத் திறந்து கிடக்கின்றன.
நூல் பாக்கி இருக்குமே, குளிரவில்லையா என்றேன்.
"குளிருகிறது.
அடுத்த ஜூனுக்கு ஒரு சிட்டம்
எடுத்து வை."

வீடு திரும்பியபோது
திர்வல் கரையோரம்
கடற்பாசி மென்றுகொண்டிருந்தாள்.
இடக்காதின் பின்னால்
போன வாரம் இல்லாத வெள்ளை,
ஒரு கட்டைவிரல் அகலம்.
எர்லெண்டிடம் இன்னும் சொல்லவில்லை.