பணியில் இருந்ததாகக் கருதி

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது அந்த வரி:
'இடைப்பட்ட காலம் முழுவதும் மனுதாரர்
பணியில் இருந்ததாகவே கருதப்படும்.'

கிசுமுவிலிருந்து திரும்பும் மட்டாட்டு வேனில்
ஏழெட்டு முறை படித்துவிட்டேன்.
பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில்
ஒமெனாக் கருவாட்டுக் கூடை.
வாடை காகிதத்தில் ஏறிவிட்டது.

மூன்று ஆண்டு நிறையப் பத்தொன்பது நாள் பாக்கி.
அதைத் தாண்டியிருந்தால்
பணம் கிடைக்கலாம், வேலை கிடைக்காது.
அரசு வக்கீலுக்கு இது தெரியும்.
ஒருமுறை காய்ச்சல். ஒருமுறை கோப்பு வரவில்லை.
கோப்பு வந்த அன்று அவர் வரவில்லை.
வாய்தா வாய்தாவாக
என் நாட்களைக் கொத்திக்கொண்டிருந்தார்,
காயப்போட்ட மீனைக் காக்கை கொத்துவதுபோல.

நான் செய்தது வீரமெல்லாம் இல்லை.
ஹோமா பே நிலையத்தில், இரவு இரண்டே காலுக்கு
உள்ளே கொண்டுவந்தவனின் பெயரை எழுதி
'உடலில் காயம் இல்லை' என்றும் எழுதினேன்.
விடிந்ததும் அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிப்போனார்கள்.
'இல்லை'யை அடித்துவிடு என்றார் இன்ஸ்பெக்டர்.
ஒரே ஒரு சொல்.
மை காய்ந்துவிட்டது ஐயா என்றேன்.

விசாரணை அறையில் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள்.
சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம்.
என் தரப்புச் சாட்சி என்று வாயெடுத்தேன்,
ஒருவர் கொட்டாவி விட்டார்.
பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து.
வீட்டைக் காலி செய்ய இரண்டு நாள்.
அடுப்பு ஆறும்வரை காத்திருந்து
அதையும் சாக்கில் கட்டினாள் நலியாகா.

இப்போது சட்டம் சொல்கிறது,
அது எதுவும் நடக்கவே இல்லை.

அப்படியானால்
படித்துறை மேட்டில் லாரி கழுவியவன் யார்?
என் நிலையத்து ஜீப்பையே கொண்டுவந்து நிறுத்தி
'மகோகா, சக்கரத்துக்கு உள்பக்கமும்' என்று
முகத்தைப் பார்க்காமல் சொன்ன கிப்லகாட்டிடம்
இருநூறு ஷில்லிங் வாங்கியது
எந்தக் கை?

நலியாகா சம்பளப் பாக்கியைக் கணக்குப் போடுகிறாள்.
பள்ளிக்கூடம், கூரைத் தகடு, மாவுக்கடைக்காரர்.
அவள் முகத்தில் வெளிச்சம் வந்து எத்தனை நாளாயிற்று.
நான் வேறொரு கணக்கில் சிக்கிக்கொண்டேன்,
அவளிடம் சொல்லவில்லை.

போன ஏப்ரல் மழையில் ஓர் இரவு
ஆகாயத்தாமரைக்குள் மாட்டிக்கொண்டது ஒரு சிறு படகு.
ஒகும்பா, பதினாறு வயது.
அவன் தாய் கரையோரமாக மீன் சந்தை வரைக்கும்
கூவிக்கொண்டே ஓடியிருக்கிறாள்.
ரோந்து இல்லை. ஆள் பற்றாக்குறை என்றார்கள் பிறகு.
படித்துறையிலிருந்து மீன் சந்தை வரை, இரண்டாம் சாமம்:
அது என் முறை.
நான் மூன்று கிலோமீட்டர் தள்ளித் தகரக் கொட்டகையில்
தூங்கிக்கொண்டிருந்தேன்.
சட்டப்படி
டார்ச்சோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நின்றிருந்தேன் அல்லவா,
ஏன் அந்தக் கூவல் எனக்குக் கேட்கவில்லை?

நீதிபதி அம்மாவிடம் இதைக் கேட்க முடியாது.
அவர் நல்லவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு
என் பெயரை முழுதாக, பிழையில்லாமல் வாசித்தார்,
சிரெங்கோ மகோகா என்று.
என்னை நீக்கியவர்களுக்கு அது ஒரு எண்.

திங்கட்கிழமை போனேன்.
சட்டை தோளில் தொங்கியது.
மேசைக்குப் பின்னால் புதுப் பையன்.
இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார்,
அவர் நாற்காலி அப்படியே இருந்தது.
பையன் பேரேட்டைத் திறந்து, மணி பார்த்து எழுதினான்:
'7.50. கான்ஸ்டபிள் மகோகா பணிக்கு வந்தார்.'
நிமிர்ந்து,
'திரும்ப' என்று சேர்க்கட்டுமா ஐயா என்றான்.

தீர்ப்பின்படி அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

சேர் என்றேன்.
அவன் பேனா பாதியில் நின்றுவிட்டது.
என்னுடையதைக் கொடுத்தேன்.