வெட்டிய பக்கம்

பதினேழாவது கட்டு. மூன்றாம் வினா.
இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று,
அதன் கீழே எக்ஸ் கழித்தல் மூன்று,
முழுவதும் ஒன்றிலும் சிறிது.
எக்ஸ் எங்கெங்கே குடியிருக்கலாம்?

கொள்ளுப்பிட்டிப் பள்ளிக்கூட மண்டபம்.
மின்விசிறி எட்டு, சுழல்வது ஐந்து.
தாள் பறக்காமலிருக்க
பௌமியா ரீச்சர் தன் வளையல்களைக் கழற்றி
மேலே வைத்திருக்கிறார்.

காலையிலிருந்து நூற்றிப்பத்துப் பேர்
ஒரே குழியில் விழுந்துவிட்டார்கள்.
கதிரையை நகர்த்துகிற மாதிரி
கீழே நிற்பதைத் தூக்கி
அந்தப் பக்கம் பெருக்கிவிடுகிறார்கள்.
சமன்பாடென்றால் நகர்த்தலாம்.
சமனிலிக்கு ஒரு பக்கம் வாய் திறந்திருக்கிறது,
மறை எண்ணால் பெருக்கினால்
அது மற்றப் பக்கம் திரும்பும்.
எக்ஸ் கழித்தல் மூன்று நேரா, மறையா?
எக்ஸை அறியாதவருக்கு அது எப்படித் தெரியும்?

அவசரத்துக்குக் கிடைக்கும் விடை:
எக்ஸ், மறை நான்கிலும் சிறிது.
இந்தப் பிழைக்கு ஒரு முழுமை உண்டு.
அதற்குள்ளே ஒரு சரியான எண்கூட இல்லை.
மறை ஐந்தைப் போட்டுப் பாருங்கள்,
எட்டின் மேல் ஒன்பது, ஒன்றைத் தாண்டிவிட்டது.
பூச்சியத்தைப் போட்டிருந்தாலே போதும்.
மறை மூன்றிலொன்று. உள்ளே வரலாம்.
வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது.
பூச்சியத்திடம் யாரும் கேட்பதில்லை.

பிறகு உன் தாள்.
பெயரில்லை, சுட்டெண் மட்டும்.
எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது.
நீயும் எனக்கு ஒரு எக்ஸ்.
மூன்று ஆகாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு
கீழெண்ணின் வர்க்கத்தால் பெருக்கியிருக்கிறாய்.
வர்க்கம் எவரோடும் கோபிக்காது,
மறையாகப் போனாலும் நேராகத்தான் வெளியே வரும்.
மறை நான்குக்கும் மூன்றுக்கும் நடுவில்
எக்ஸைக் குடிவைத்து
எண்கோட்டில் இரண்டு வெறும் வட்டம் போட்டு,

அதன் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு.
வெட்டிவிட்டாய்.
பக்கத்தில் இரண்டே வரி,
குறுக்கே பெருக்கி, மறை நான்கிலும் சிறிது,
அதைச் சுற்றிப் பெட்டி வேறு.

என்ன நடந்தது?
முன் மேசைக்காரர் எழும்பிப் போய்விட்டாரா?
நீண்ட வழியெல்லாம் பிழையான வழி என்று
யாரும் சொல்லியிருந்தார்களா?

தாளோடு கோபாலரத்தினம் சேரிடம் போனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
உன் கோட்டுக்கு அடியில் கடைசி வரை வாசித்தார்.
"வடிவாச் செய்திருக்குது."
கொஞ்ச நேரம் தாளைக் கொடுக்காமல் வைத்திருந்தார்.
"வெட்டினது வெட்டினதுதான், பிள்ளை."

பூச்சியத்தை
நான்தான் போட்டேன்.

ஐந்தரைக்கு ஓடிப்போய் ஏறியது பிழையான கோச்சி.
கடுகதி, வெள்ளவத்தையில் நிற்காதாம்.
வாசற்கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன்.
வலது பக்கம் கடல்,
இடது பக்கம் நான் இருக்கிற மாடிவீடு,
காலையில் காயப்போட்ட மஞ்சள் துவாய்.
இரண்டு தசம் ஒன்பது,
இரண்டு தசம் ஒன்பது ஒன்பது,
ஒன்பது, ஒன்பது,
மேடையின் ஊர்ப்பலகை மூன்று மொழியில் வந்து
மூன்று மொழியிலும் போனது.
வெறும் வட்டம் இப்படித்தான் போல.
எவ்வளவும் கிட்டப் போகலாம்,
இறங்கத்தான் ஏலாது.

தெகிவளை வாசலில் காக்கிச்சட்டைக்காரர்
ரிக்கெற்றைப் புரட்டிப் பார்த்து
வெள்ளவத்தை வரைக்கும்தானே என்றார் சிங்களத்தில்.
ஓம், வரைக்கும்தான்.
ஆனால் அது சேராது என்பதை
அவருடைய பாஷையில் சொல்ல எனக்கு வரவில்லை,
என்னுடையதில் சொன்னாலும் தண்டம் தண்டம்தான்.

கட்டிவிட்டு காலி வீதியால் திரும்பி நடந்தேன்.
இந்தக் காசு, உன் பதினைந்து புள்ளி.
நடுவில் குறி போட வேண்டும்,
எந்தப் பக்கம் வாய் திறப்பதென்று தெரியவில்லை.