கணக்கு முடித்தவன்

சோல்விக் – ஹோல்மே படகுக் கம்பெனி.
தொடக்கம் 1911, ஒரு நீராவிப் படகு, ஊர்ப்பட்ட கடன்.
கணக்கை மூட ஓஸ்லோவிலிருந்து வந்தவன் நான்.

பேரேடு உப்பீரத்தில் ஒட்டிக் கிடந்தது.
முதல் நாள்: ஆள் பதினேழு, ஆடு நான்கு,
சவப்பெட்டி ஒன்று – போக மட்டும்.

போர்க்காலத்துப் பக்கங்கள் இல்லை.
யாரோ சவரக்கத்தியால் அறுத்திருக்கிறார்கள்,
கோணாமல்.

கம்பெனி நல்ல லாபம் பார்த்தது
கடைசி மூன்று வருடம்தான்.
பாலத்துக்கான சிமெண்ட், கம்பி, பொறியாளர்கள்
எல்லாம் இந்தப் படகில்தான் ஃபியோர்டைக் கடந்தன.
'கூடுதல் நடை!' என்று
ராக்ன்ஹில்டின் சாய்ந்த கையெழுத்து,
பக்கத்துக்குப் பக்கம்
அதே ஆச்சரியக்குறி.

பாலம் திறந்த அன்று
மேளதாளம் மேலே.
கேப்டன் வெட்லேசன் 7.40க்குச் சங்கு ஊதி
அதன் அடியில் போனார், வந்தார்.
வரவு: பயணி ஒருவர்.

யார் அது என்றேன்.
"சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்"
என்றார் ராக்ன்ஹில்ட்,
சாவிக்கொத்தை மேசையில் வைத்தபடி.

இரண்டு குரோனர் உதைத்தது.
நள்ளிரவுவரை தேடி, விட்டுவிட்டேன்.

காரில் திரும்பினேன்.
பாலத்தின் மேல்
நாலு நிமிஷம்.